சுமை அல்ல, பயணி

(நடக்க இயலாதோரும் விமானப் பயணமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, உங்கள் தந்தையின் நினைவாக ஒரு நிதியை வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளிகளின் வாழ்வு குறித்துப் பேசச் செய்கிறீர்கள். அந்த நல்ல உள்ளத்துக்கு முதலில் நன்றி. கல்வி, வேலைவாய்ப்பு, மறுவாழ்வு மருத்துவம் என்று எத்தனையோ பொருள்கள் இருக்க, விமானப் பயணத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஊர்ப் பேருந்திலேயே ஏற முடியவில்லை, விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் விமானத் துறையில் பணம் இருக்கிறது, இயந்திரங்கள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், உலகம் முழுவதற்கும் பொதுவான நடைமுறைகள் இருக்கின்றன. இத்தனையும் இருக்கும் இடத்திலேயே நடக்க இயலாத ஒருவர் மதிப்போடு போய்ச் சேர முடியவில்லை என்றால், வசதிக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் வாழ்பவன் நான். வேலை நிமித்தம் பல ஊர்களுக்கு விமானத்தில் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்ததிலிருந்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: நடக்க இயலாத பயணியின் உடலைப் பற்றியும் அவருடைய நாற்காலியைப் பற்றியும் எல்லோரும் முடிவெடுக்கிறார்கள், அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. மற்ற குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

1. பயணம் ஏன் வேண்டும்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து அவர் வளர்த்த துறையும், 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையமும் தண்டுவடம் அடிபட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு மறுபடி வாழ்வு தந்தன. கண்டம் விட்டுக் கண்டம் போகும் அந்தப் பயணங்களில் எங்காவது ஓரிடத்தில், ‘உங்களால் முடியாது’ என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், இழப்பு அவரோடு நின்றிருக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் சுமார் 54 லட்சம் பேருக்கு இயக்கக் குறைபாடு. தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், இதய நோயால் நூறு அடி நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் இந்தக் கணக்கில் முழுமையாக வருவதில்லை. இன்று கால் வலுவாக இருப்பவர்களும் முதுமையில் இந்த வரிசைக்கு வந்து சேரக்கூடும்.

2. வீட்டு வாசலிலிருந்து இருக்கை வரை

நடக்க இயலாத பயணிகளை விமானத் துறை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தூரம் மட்டும் நடக்க முடியாது, படி ஏறிவிடுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் நடந்து இருக்கைக்குப் போய்விடுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது, இருக்கை வரை கொண்டுபோக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. பயணச்சீட்டு வாங்கும்போதே இந்தக் குறியீடு சரியாகப் பதிவாக வேண்டும். தவறாகப் பதிவானால், படி ஏற முடியாதவருக்கு ஏணிப்படி வந்து நிற்கும். பதிவு செய்பவர் ‘உங்களால் படி ஏற முடியுமா? உள்ளே நடக்க முடியுமா?’ என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பல முறை அந்த இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதில்லை. ‘வீல்சேர்’ என்று ஒரே சொல்லில் பதிவு முடிந்துவிடுகிறது.

விமான நிலையத்துக்கு வந்ததும், பயணியின் சொந்த நாற்காலியில் டேக் கட்டி, பெட்டிகளோடு அனுப்பிவிட்டு, நிலையத்தின் நாற்காலியில் அவரை மாற்றி உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த நாற்காலியின் பின்சக்கரங்கள் பெரும்பாலும் சிறியவை. தானே கையால் தள்ளிக்கொண்டு போக முடியாது. தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ யாராவது தள்ள வேண்டும். என் நாற்காலி என் இடுப்பின் அளவுக்கும் முதுகின் வளைவுக்கும் ஏற்ப அமைந்தது. பிறருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்க நடமாடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். தண்டுவடம் அடிபட்டவருக்கு இது வெறும் அசௌகரியம் அல்ல. உணர்ச்சியில்லாத உடல்பகுதி, குஷன் இல்லாத இருக்கையில் சில மணி நேரம் அழுந்தினாலே படுக்கைப்புண் வரும். அது ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். சொந்த நாற்காலியிலேயே விமான வாசல் வரை வரவும், இறங்கும்போது அங்கேயே அதைத் திரும்பப் பெறவும் இந்திய விதிகள் இடம் தருகின்றன. விதி இருப்பது கவுண்டரில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

விமானத்துக்குள் சொந்த நாற்காலி நுழையாது. சர்வதேச அளவில் பின்பற்றப்படும் வடிவமைப்பு விதி, இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதை கீழ்ப்பகுதியில் குறைந்தது 15 அங்குலம் இருந்தால் போதும் என்கிறது. அதனால்தான் ஐல் சேர் என்ற ஒடுங்கிய நாற்காலியில் பயணியைப் பட்டைகளால் கட்டி உள்ளே கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து இருக்கைக்குத் தூக்கி மாற்ற வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து அக்குள் வழியாகக் கைகொடுத்து முன்கைகளைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே தாங்க, இருவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பல விமானங்களில் நடைபாதை ஓரத்து இருக்கையின் கைப்பிடியும் மேலே எழும்பும். அதற்கான விசை கைப்பிடியின் அடியில், மூட்டுக்கு அருகே ஒளிந்திருக்கும். அது தெரியாததால், கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி உள்ளே போடுவதும் நடக்கிறது. தோள்மூட்டு விலகுவதும் தோல் கிழிவதும் இப்படித்தான். தன்னை எப்படித் தூக்கினால் வலிக்காது என்பது பயணிக்குத் தெரியும். தூக்குமுன் ஒரு நிமிடம் நின்று அவரைக் கேட்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது. ஒற்றை நடைபாதை கொண்ட பெரும்பாலான விமானங்களின் கழிப்பறைக்குள் உதவியாளரோடு நுழைய இடமில்லை. அதனால் நடக்க இயலாத பயணிகள் பலர் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறார்கள், உணவைத் தவிர்க்கிறார்கள். சிறுநீரகத் தொற்றுக்கு ஏற்கெனவே ஆளாகக்கூடிய உடல்களுக்கு இது ஆபத்து. அமெரிக்கா 2023 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. 125 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட புதிய ஒற்றை நடைபாதை விமானங்களில் பயணியும் உதவியாளரும் நுழையும் அளவுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் 2030-களில் வாங்கப்படும் விமானங்களுக்குத்தான் அது கட்டாயமாகிறது. நல்ல விதிக்கும் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றி ஒரு சொல். நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரனை நீங்கள் அறிவீர்கள். 1981-இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர்க் காலோடு மீண்டும் மேடையேறியவர். ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அவர் வேதனையோடு வெளியிட்ட காணொளியை நாடே பார்த்தது. விமான நிலையச் சோதனையைச் செய்யும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. புகழ் பெற்றவர் என்பதால் அவர் குரல் கேட்டது. தினமும் கழற்றி மாட்டும் பெயர் தெரியாதவர்களுக்கும் அதே வருத்தம் உரியது. வெடிபொருள் துகளைக் கண்டறியும் கருவிகள் இருக்கும்போது, காலைக் கழற்றுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

3. நீதிமன்றம் சொன்னது

2012 பிப்ரவரி 19 அன்று ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டார். மூளை முடக்குவாதம் கொண்ட அவர் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பணியாற்றுபவர். ஒரு சர்வதேச மாநாட்டுக்காகவே கோவா செல்ல இருந்தார். ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி, இருக்கையில் அமர்ந்த பிறகு, விமானியின் உத்தரவு என்று சொல்லி அவரை இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 மே 12-இல் நீதிபதி ஏ.கே. சிக்ரி, நீதிபதி ஆர்.கே. அகர்வால் அமர்வு அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மருத்துவ ஆலோசனை எதையும் பெறாமல் அவரை இறக்கிவிட்டதை நீதிமன்றம் கண்டித்தது. மாற்றுத்திறனாளிக்குத் தேவை இரக்கம் அல்ல, உரிமையும் கண்ணியமும் என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்.

அதற்குப் பிறகும் 2022 மே 7-இல் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் இண்டிகோ விமானத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை. பரிவோடு கையாண்டிருந்தால் குழந்தை அமைதியாகியிருக்கும் என்று கூறிய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது பயணியின் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும். வரவேற்க வேண்டிய திருத்தம் இது. ஆயினும் ஒன்றை வலியுறுத்துகிறேன். மாற்றுத்திறன் நோய் அல்ல. நடக்க முடியாத காரணத்தாலேயே ஒருவர் மருத்துவர் முன் நிறுத்தப்படக் கூடாது.

தோல்வியிலிருந்தும் சட்டம் பிறக்கும் என்பதற்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1986 ஜூன் மாதம், மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டம் தனியார் விமான நிறுவனங்களை முழுதும் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றது, உடல் செயலிழந்த முன்னாள் படைவீரர்களின் சங்கம். அவர்கள் ஓயவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் விமானப் பயணத்துக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தையும் உள்ளடக்குகிறது. 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் துணை இன்று நமக்கு இருக்கிறது.

4. நாற்காலியும் உடலும்

மின்சக்தியில் இயங்கும் நாற்காலி 100 கிலோவுக்கு மேலும் எடை இருக்கலாம். போயிங் 737 விமானத்தின் சரக்கு வாசல் சுமார் மூன்றடி உயரம்தான். ஏர்பஸ் ஏ320-இன் வாசல் நாலடி. மூன்றடி வாசலில் நிமிர்ந்த நாற்காலி நுழையாது. சாய்க்கிறார்கள், படுக்க வைக்கிறார்கள், தெரியாத கையொன்று ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இழுக்கிறது. முதுகுப்பகுதி எப்படி மடங்கும், பேட்டரி இணைப்பை எங்கே துண்டிக்க வேண்டும் என்று தெரிந்தவர் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்காமலே வேலை முடிந்துவிடுகிறது. தரை இறங்கியதும் நாற்காலி உடைந்து வந்தால், அந்த ஊரில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியாது. போன காரியம் கெடும். திரும்பி வந்த பிறகும் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் போகும்.

அமெரிக்காவில் உடைந்த, தொலைந்த, தாமதமான நாற்காலிகளை விமான நிறுவனங்கள் மாதந்தோறும் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2018 இறுதியிலிருந்து நடைமுறை. 2023-இல் அந்தக் கணக்கு 11,527. ஒரு நாளைக்கு 30-க்கும் மேல். எண்ணத் தொடங்கியதால்தான் அபராதமும் புதிய விதிகளும் வந்தன. 2024-இல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மட்டும் 5 கோடி டாலர் அபராதம்.

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொரு சிக்கல். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை சக்கர நாற்காலியைப் பெட்டியோடு சேர்த்து எண்ணுகிறது. சிறப்பு அறிவிப்பு எதுவும் செய்யாவிட்டால் இழப்பீட்டின் உச்சவரம்பு ஏறத்தாழ 2,000 டாலர்தான். உடலுக்கேற்ப அமைத்த மின்நாற்காலியின் விலை இதைப்போலப் பல மடங்கு. எனவே பயணம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு யோசனை: செக்-இன் செய்யும்போதே நாற்காலியின் மதிப்பை எழுத்தில் சிறப்பு அறிவிப்பாகக் கொடுங்கள். உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அரசுகளுக்கு ஒரு கோரிக்கை: உடலின் பகுதியாக இருக்கும் ஒன்றைப் பெட்டியின் விலையில் மதிப்பிடும் முறையை மாற்றுங்கள்.

5. நம் பெற்றோர்

2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு ஏர் இந்தியா விமானத்தில் ஒரு முதிய தம்பதி வந்திறங்கினர். இருவருக்கும் சக்கர நாற்காலி பதிவாகியிருந்தது. கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் அமர்த்திவிட்டு, 80 வயதுக் கணவர் உடன் நடந்தார். குடியேற்றப் பகுதியருகே சரிந்து விழுந்தார், உயிர் பிரிந்தது. அந்நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

நாற்காலிகள் போதாமல் போவதற்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்று, நடக்கக்கூடியவர்களும் கேட்கிறார்கள் என்பது. அதில் உண்மை உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகும் நம் ஊர் அம்மாக்களும் அப்பாக்களும் அவர்களில் அடக்கம். ஆங்கிலம் பேச வராது. இடையில் விமானம் மாற வேண்டும். குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார் என்ற பயம். ‘வீல்சேர் போட்டுவிடு, ஆள் கூடவே வருவார்’ என்று பிள்ளைகள் பதிவு செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தேவை வழிகாட்டும் ஒரு துணை. அதைத் தனிச் சேவையாக, எளிதில் கிடைப்பதாக, தமிழ் தெரிந்த ஆட்களைக் கொண்டு நிறுவனங்கள் தந்தால், நாற்காலி அது இல்லாமல் முடியாதவர்களுக்குக் கிடைக்கும். இங்கும் தீர்வு பதிவின்போதே கேட்பதில் இருக்கிறது: உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?

6. சிறிய விமான நிலையங்கள்

பெருநகரங்களில், நிலையத்தையும் விமான வாசலையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ் இருக்கிறது. சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறுவது வால்பக்கத்து வாசல் வழியே, கதவோடு இணைந்த குறுகிய படியில். அதில் ஒருவரைத் தூக்கிச் செல்வது தூக்குபவருக்கும் ஆபத்து, தூக்கப்படுபவருக்கும் ஆபத்து. ஏரோபிரிட்ஜ் இல்லாத நிலையங்களுக்காக இந்திய விமான நிலைய ஆணையம் பயணியை நாற்காலியோடு விமான வாசல் வரை உயர்த்தும் 20 ஆம்புலிஃப்ட் வண்டிகளை வாங்கும் திட்டத்தை 2021-இல் செயல்படுத்தியது. நல்ல தொடக்கம். ஏடிஆர் போன்ற சிறு விமானங்களுக்கேற்ற சாய்தளமும் ஏற்றியும் எல்லா நிலையங்களிலும் வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2008 ஜூலை 26 முதல், நடக்க இயலாத பயணிக்கு நிலையத்தில் உதவும் பொறுப்பு முழுவதும் விமான நிலைய நிர்வாகத்துடையது. செலவை எல்லா விமான நிறுவனங்களும் தங்கள் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஆளும் கருவியும் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு விமானம் வரும் ஊரில் செலவு கட்டாது என்று கைவிரிக்கிறது. பொதுப் பொறுப்பாக்கினால் அந்தச் சாக்கு இல்லாமல் போகும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். சொந்த நாற்காலியிலேயே அமர்ந்து பறக்க முடியுமா என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஆராய்ந்து, தாண்ட முடியாத தொழில்நுட்பத் தடை எதையும் காணவில்லை என்று 2021-இல் அறிக்கை தந்தது. 2023-இல் ஹாம்பர்க் கண்காட்சியில், மடக்கினால் சக்கர நாற்காலி நிற்க இடம் தரும் விமான இருக்கையின் மாதிரி வைக்கப்பட்டது. மோதலைத் தாங்கும் சோதனைகளும் அனுமதிகளும் எஞ்சியுள்ளன. இந்த முயற்சியில் நம் பொறியியல் கல்லூரிகளுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

7. நிறைவாக

மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

அரசுக்கு: விமானங்களில் உடையும் நாற்காலிகளையும், மறுக்கப்படும் பயணிகளையும் நிறுவனவாரியாக மாதந்தோறும் எண்ணி வெளியிடுங்கள். உதவும் பொறுப்பை விமான நிலையங்களிடம் ஒப்படைத்து, செலவைப் பொதுவாக்குங்கள்.

விமான நிறுவனங்களுக்கு: உங்கள் ஊழியர்களின் பயிற்சியை மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே நடத்துங்கள். தூக்கும் முறையை எங்கள் உடலில் கற்றுக்கொள்ளட்டும். குறைந்த ஊதியத்தில், நாளெல்லாம் நின்று, எங்களைத் தள்ளிச் செல்லும் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல மனம் கொண்டவர்கள். அவர்களுக்குப் போதிய ஆட்பலமும் பயிற்சியும் தர வேண்டியது உங்கள் கடமை.

என்னைப் போன்ற பயணிகளுக்கு: 48 மணி நேரம் முன்பே தேவையைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். நாற்காலியை எப்படிக் கையாள வேண்டும் என்று படத்தோடு ஓர் அட்டையை அதில் கட்டுங்கள். விதியின் நகலைக் கையில் வைத்திருங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அநீதி நடந்தால் புகார் கொடுக்காமல் வீடு திரும்பாதீர்கள். ஜீஜா கோஷ் வழக்குத் தொடுத்ததால்தான் இன்று அந்தத் தீர்ப்பை நாம் எல்லோரும் எடுத்துக் காட்ட முடிகிறது.

நடக்க இயலாத ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கைக்கு வந்தால், உதவும் முன் அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைப் போலச் செய்யுங்கள்.